கரு கலைந்த பிறகு மறுபடி உண்டாக நினைப்பவர்களுக்கு: தோட்டப்புறக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: ‘இனி எத்தனை மாசம் பொறுக்கணும்?’ மாமியார் ஒரு கணக்குச் சொல்வார். அடுத்த வீட்டு அக்கா ஒரு கணக்கு, கிளினிக் மிஸ்ஸி ஒரு கணக்கு. மூன்றும் மூன்று விதமாக இருக்கும். கலைந்தபோது என்ன நடந்தது என்று தெரியாமல் இதற்கு ஒரே பதில் சொல்ல முடியாது. அதைச் சொல்லக்கூடியது ஆஸ்பத்திரி கொடுத்த காகிதம். அதனால் இந்த வழிகாட்டியும் அங்கேயே தொடங்குகிறது. மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற ஊரில், தோட்டத்திலோ பட்டணத்திலோ இருந்துகொண்டு, கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசு சுகாதார கிளினிக்கையும் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியையும் நம்பி இருக்கும் குடும்பங்களை மனதில் வைத்து எழுதியது இது.

முதல் வேலை: காகிதத்தைத் தேடுங்கள்

வார்டிலிருந்து வரும்போது எம்சி என்ற மருத்துவ விடுப்புச் சீட்டும் டிஸ்சார்ஜ் காகிதமும் சேர்த்தே கொடுப்பார்கள். பல வீடுகளில் நடப்பது என்னவென்றால், இரண்டையும் ஒன்றாக மடித்துத் தோட்ட ஆபீஸில் கிராணியிடம் கொடுத்துவிடுவார்கள். ஆபீஸுக்கு எம்சி போதும். டிஸ்சார்ஜ் காகிதம் உங்களுடையது. கொடுத்துவிட்டிருந்தால் கேட்டுத் திரும்ப வாங்குங்கள். தொலைந்துவிட்டால், சேர்ந்த தேதியையும் ஐசி எண்ணையும் சொல்லி ஆஸ்பத்திரிப் பதிவுப் பிரிவில் மருத்துவச் சுருக்கம் கேட்கலாம்.

அதில் ஐந்து விஷயங்களைப் பாருங்கள். எத்தனையாவது வாரத்தில் கலைந்தது, தானாக முழுதும் வெளியேறியதா அல்லது மாத்திரை வைத்தார்களா அல்லது டி அண்ட் சி செய்து கழுவினார்களா, உங்கள் ரத்த வகை என்ன, ஹீமோகுளோபின் அளவு எவ்வளவு. ஐந்தாவதுதான் பலர் கவனிக்காதது: எச்.பி.இ. என்று எழுதியிருக்கிறதா என்பது. வெளியே எடுத்த திசுவை ஆய்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம். முடிவு அன்றே வராது, சில வாரம் ஆகும். நீங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் வரும் என்பதால், மறுபரிசோதனை நாளில் வாய் திறந்து கேட்க வேண்டும். ‘டாக்டர், எச்.பி.இ. முடிவு வந்துவிட்டதா?’ என்று ஒரு வரி கேட்டால் போதும்.

அந்த முடிவு ஏன் முக்கியம்? முத்துப்பிள்ளைக் கர்ப்பம் என்று ஒன்று உண்டு. பிள்ளை வளராமல், நச்சுக்கொடித் திசு திராட்சைக் கொத்துப் போல நீர்க்கொப்புளங்களாக வளர்ந்துவிடும். பார்வைக்குச் சாதாரணக் கருக்கலைவு போலவே முடிந்திருக்கலாம், திசு ஆய்வில்தான் தெரியவரும். இதில் மிச்சம் தங்கினால் மறுபடி வளரும், சில சமயம் புற்றாகவும் மாறும். அதனால் எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோன் இறங்குகிறதா என்று ரத்தத்தில் தொடர்ந்து பார்ப்பார்கள். நடுவில் நீங்கள் உண்டாகிவிட்டால் அதே ஹார்மோன் ஏறும். நோய் திரும்பியதா, புதுப் பிள்ளையா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகும். எனவே மருத்துவர் ‘சரி’ என்று சொல்லும்வரை, பொதுவாக 6 மாதம் அளவுக்கு, கருத்தடை கட்டாயம். கீமோ மருந்து ஏற்றியிருந்தால் முடிந்த நாளிலிருந்து 1 வருடம்.

கரு, கர்ப்பப்பைக்குள் வராமல் கருக்குழாயில் தங்கி மெத்தோட்ரெக்சேட் ஊசி போட்டிருந்தால் குறைந்தது 3 மாதம் பொறுக்க வேண்டும். அந்த மருந்து ஃபோலிக் ஆசிட்டைத் தடுத்து வேலை செய்வது. பிள்ளைக்கு வேண்டிய சத்தே அதுதான்.

ரத்த வகையில் ‘நெகட்டிவ்’ என்று இருந்தால் அங்கே நின்று படியுங்கள். மலேசியாவில் மலாய்க்காரர், சீனரைவிட இந்திய வம்சாவளியினரிடம் ஆர்.எச். நெகட்டிவ் அதிகம். 12 வாரம் தாண்டிக் கலைந்திருந்தாலோ, எந்த வாரமானாலும் கழுவியிருந்தாலோ 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட்டிருக்க வேண்டும். போட்டதாகக் காகிதத்தில் இல்லையென்றால் கிளினிக்கில் சொல்லுங்கள். உங்கள் ரத்தத்தில் எதிர்ப்பொருள் உருவாகிவிட்டதா என்று சோதிப்பார்கள். அப்படி உருவாகியிருந்தால் அடுத்த பிள்ளை பாசிட்டிவ் ரத்தமாக இருக்கும்போதுதான் சிக்கல். அதற்கும் கவனிப்பு முறை உண்டு, ஆனால் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்து ஒரு சோதனை

ரத்தப்போக்கு பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் ஓய்ந்துவிடும். அது முழுதும் நிற்கும்வரை உறவு வேண்டாம், கிருமி ஏறும். டாம்பானும் வேண்டாம், பேட் மட்டும். ஒரு மணி நேரத்தில் 2 பெரிய பேட் முழுக்க நனைந்து, அடுத்த மணியும் அப்படியே போனால் காலை கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். 999 அழையுங்கள், அல்லது கார் உள்ள யாரையாவது எழுப்புங்கள். 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், துர்நாற்றமுள்ள போக்கு, குறையாமல் கூடிக்கொண்டே போகும் அடிவயிற்று வலி, இவையும் அதே ரகம். உள்ளே மிச்சம் தங்கிப் பழுத்தால் கருக்குழாய் அடைபடலாம். பிறகு பிள்ளை தங்காததற்கு அதுவே காரணமாகிவிடும்.

மூன்று வாரம் கழித்து மருந்துக்கடைச் சோதனைப் பட்டை ஒன்று வாங்கி, காலை முதல் சிறுநீரில் பாருங்கள். ஒற்றைக் கோடு வரவேண்டும். இன்னும் இரண்டு கோடு வந்தால் புதுக் கர்ப்பம் என்று சந்தோஷப்படுவதற்கு முன், உள்ளே ஏதோ மிச்சம் இருக்கலாம் என்று நினைத்து ஸ்கேனுக்குப் போங்கள். இந்த ஒற்றைக் கோட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு, கீழே நாள் கணக்கில் வருகிறது.

மாதவிலக்கு சாதாரணமாக 4 முதல் 6 வாரத்தில் திரும்பும். முதல் முறை கூடவோ குறையவோ இருக்கலாம். கழுவிய பிறகு 8 வாரமாகியும் தலைக்குக் குளிக்கவில்லை, அல்லது சொட்டுப் போலத்தான் வருகிறது என்றால், முதலில் கர்ப்பச் சோதனை, அதில் இல்லையென்றால் மருத்துவர். கர்ப்பப்பையின் உட்சுவர்கள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அபூர்வம்தான், ஆனால் சரிசெய்யக்கூடியது.

சரி, எத்தனை மாதம்?

மேலே சொன்ன முத்துப்பிள்ளையோ, குழாய்க் கர்ப்பமோ, சரிசெய்ய வேண்டிய நோயோ இல்லாமல் 12 வாரத்துக்குள் ஒரே முறை கலைந்திருந்தால், ஒரு மாதவிலக்கு வந்து போனால் போதும். அந்த ஒன்றும் உடம்புக்காக அல்ல, கணக்குக்காக. கடைசியாகக் குளித்த தேதி இருந்தால்தான் அடுத்த கர்ப்பத்தின் வாரத்தைச் சொல்ல முடியும். அதற்கு முன்பே உண்டாகிவிட்டாலும் பயப்பட ஒன்றுமில்லை. கலைந்து 2 வாரத்திலேயே கருமுட்டை வெளிவரலாம், ‘இன்னும் குளிக்கவே இல்லையே, எப்படி?’ என்பதற்கு விடை அது. இப்போதைக்கு வேண்டாம் என்று நினைப்பவர்கள் முதல் நாளிலிருந்தே கருத்தடை பார்க்க வேண்டும் என்பதும் இதனால்தான்.

‘6 மாதம் பொறுக்கணும்’ என்று பலர் சொல்லும் கணக்கு எங்கிருந்து வந்தது? உலகச் சுகாதார நிறுவனம் 2005-இல் அப்படி ஆலோசனை சொன்னது. பழைய அறிவுரை என்பதால் இன்னும் பலர் வாயில் இருக்கிறது. 2010-இல் ஸ்காட்லாந்தில் 30,000-க்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது, 6 மாதத்துக்குள் மறுபடி உண்டானவர்களுக்கு அடுத்ததும் கலைவது குறைவாகவே இருந்தது. 35 வயது தாண்டியவர்களை 6 மாதம் சும்மா உட்காரவைப்பது நல்லதல்ல. வயது கூடக் கூடக் கலையும் வாய்ப்பும் கூடும். 30-க்குள் 10 கர்ப்பத்தில் ஒன்று என்றால் 35 முதல் 39 வரை 10-இல் இரண்டு.

மனம் தேறவில்லை என்றால் அது வேறு. அதற்கு மாசக் கணக்கு கிடையாது, இரண்டு பேரும் தயார் ஆகும்வரை தள்ளிப்போடலாம்.

கிளினிக்கில் என்ன கேட்பது

கிளினிக் கெசிஹாத்தானில் கர்ப்பத்துக்கு முன்பே பார்க்கும் சேவை உண்டு, பிராகெஹாமிலான் என்பார்கள். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி. கவுண்டரில் ‘உடம்பு சரியில்லை’ என்று சொன்னால் காய்ச்சல் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். ‘கரு கலைந்தது, மறுபடி உண்டாகுமுன் சோதனை செய்ய வேண்டும்’ என்று சொல்லி, காகிதத்தைக் காட்டுங்கள். தாய் சேய்ப் பிரிவுக்கு அனுப்புவார்கள். கணவரையும் கூட்டிப் போங்கள். அரை நாள் லீவு போனாலும் ஒரே முறையில் வேலை முடியும்.

நம் குடும்பங்களில் முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரை. இந்த நாட்டின் மூன்று பெரிய இனங்களில் நீரிழிவு அதிகம் உள்ளது நம்மிடம்தான். 28 வயதுப் பெண்ணுக்குச் சர்க்கரை இருக்காது என்று யாரும் சோதிக்காமல் விட்டுவிடுவார்கள். கட்டுக்கு வராத சர்க்கரை கருவைக் கலைக்கும், தங்கிய கருவுக்கு இதயத்திலும் முதுகெலும்பிலும் குறை உண்டாக்கும். அந்த உறுப்புகள் உருவாவது முதல் சில வாரங்களில், நீங்கள் உண்டானதே தெரியாத நேரத்தில். ஆகவே உண்டான பிறகு கட்டுப்படுத்தலாம் என்பது தாமதம். மூன்று மாதச் சராசரியான எச்.பி.ஏ.1.சி. 6.5 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகு முயற்சி செய்யுங்கள். 10-க்கு மேல் இருந்தால் கருத்தடையோடு காத்திருங்கள். பொறுக்கச் சொல்வதற்கு உண்மையான காரணம் உள்ள இடம் இதுதான்.

அடுத்து ஹீமோகுளோபின். 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. உடனே இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துவிடுவார்கள், ஆனால் ரத்த அறிக்கையில் எம்.சி.எச். என்ற எண்ணையும் கேளுங்கள். அது 27-க்குக் கீழே இருந்தால், பெற்றோர் வழியாக வரும் ரத்தக் கோளாறான தலசீமியாவின் கேரியராக இருக்கலாம், கணவருக்கும் சோதனை வேண்டும். இருவரும் ஒரே வகைக் கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோயுள்ள பிள்ளைக்கு 4-இல் 1 வாய்ப்பு. இது உங்கள் கரு கலைந்ததற்குக் காரணமாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல நேரம் கிடையாது. மாமன் மகன், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள் கட்டியிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, அவர் கேட்காமல் விட்டாலும் நீங்கள் சொல்லலாம்.

இரும்பு மாத்திரையைத் தே தாரிக்கோடு விழுங்கினால் பாதிச் சத்து சாக்கடைக்குத்தான். தேநீருக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டு, கொய்யாவோ எலுமிச்சைத் தண்ணீரோ கூடச் சேருங்கள்.

தைராய்டு சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள், குறிப்பாகக் கழுத்து வீக்கமோ குடும்பத்தில் யாருக்காவது தைராய்டோ இருந்தால். ஏற்கனவே மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு டி.எஸ்.எச். என்ற தைராய்டு அளவு 2.5-க்குள் இருப்பது நல்லது. சிஃபிலிஸ் சோதனையும் உண்டு, கேட்டதும் முகம் சுளிக்காதீர்கள், எல்லாருக்கும் செய்வதுதான். ரூபெல்லா தடுப்பூசி போட்டால் 1 மாதம் பொறுத்து முயற்சி செய்யுங்கள். எடையைப் பொறுத்தவரை, பிஎம்ஐ 23 தாண்டினாலே நம் உடம்புக்கு அதிகம். பத்துக் கிலோ குறைக்க வேண்டாம், இருப்பதில் 20-இல் ஒரு பங்கு குறைந்தாலே முட்டை ஒழுங்காக வெளிவரத் தொடங்கும்.

ஃபோலிக் ஆசிட் இன்றே

முயற்சி செய்யத் தொடங்குமுன் குறைந்தது 1 மாதம், உண்டாகி 12 வாரம் வரை, தினமும் ஒன்று. சாதாரணமாக 400 மைக்ரோகிராம் போதும். சர்க்கரை, பிஎம்ஐ 30-க்கு மேல், வலிப்பு மருந்து, தலசீமியா, அல்லது முன்பு முதுகெலும்புக் குறையோடு பிள்ளை இருந்தவர்களுக்கு 5 மில்லிகிராம். அரசு கிளினிக்கில் பெரும்பாலும் கையில் கொடுப்பது 5 மில்லிகிராம் மாத்திரை, மருந்துக்கடைச் சத்து மாத்திரைகளில் 400 மைக்ரோகிராம். இரண்டையும் சேர்த்து விழுங்க வேண்டாம், உங்களுக்கு எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மறந்துபோகும் என்றால் பல் விளக்கும் குவளைக்குப் பக்கத்தில் வையுங்கள்.

நிறுத்த வேண்டியவை, மாற்ற வேண்டியவை

ரத்த அழுத்தத்துக்குப் பெரின்டோபிரில், கொழுப்புக்குச் சிம்வாஸ்டாட்டின், வலிப்புக்கு வால்புரோயேட், முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின், இவை பிள்ளைக்கு ஆகாது. ஆனால் நீங்களாக நிறுத்தினால் அழுத்தம் ஏறும், வலிப்பு வரும். டப்பாக்களை ஒரு பையில் போட்டு அப்படியே கிளினிக்குக் கொண்டுபோங்கள், மாற்றிக் கொடுப்பார்கள். மெட்ஃபார்மினைப் பெரும்பாலும் தொடர்ந்து சாப்பிடலாம்.

‘கர்ப்பப்பைச் சூடு தணிய’ என்று இரவுச் சந்தையிலும் ஆன்லைனிலும் விற்கும் சூரணம், ஜாமு, பஸ்பம் வகைகளில் எச்சரிக்கை தேவை. மால் (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இல்லாதவற்றைத் தொடவே வேண்டாம். சோதித்த பொருள்களில் ஸ்டீராய்டு கலந்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது, பஸ்பத்தில் ஈயமும் பாதரசமும் இருக்கலாம். பதிவு எண் இருப்பதும் கர்ப்பத்துக்குப் பாதுகாப்பு என்று அர்த்தமல்ல.

புகையும் மதுவும் இருவருக்கும் வேண்டாம். ஆணின் விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். இன்று சிகரெட்டையும் சம்சுவையும் நிறுத்தினால் அதன் பலன் மூன்று மாதம் கழித்துத்தான் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். காபிக்கு எல்லை நாளுக்கு 200 மில்லிகிராம் காஃபின். கடைக் கோப்பி-ஓ கெட்டியாக இருந்தால் ஒரு குவளையோடு நிறுத்துங்கள்.

சஷ்டி விரதம் பற்றிப் பலர் கேட்பார்கள். ‘சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்’ என்பது நம் வீட்டுப் பேச்சு. விரதம் இருக்கலாம், ஆனால் ஆறு நாளும் வெறும் பாலோடு இருப்பது சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மயக்கம் வரவழைக்கும். ஒருவேளை பலகாரம் என்ற முறையில் இருந்து, மாத்திரை நேரத்தை முன்பே கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். தைப்பூசத்துக்கு 48 நாள் சைவம் இருப்பவர்கள் ஃபோலிக் ஆசிட்டை நிறுத்த வேண்டாம், மாத்திரை விரதத்தை முறிக்காது.

தோட்ட வேலையில் இருந்தால்

மருந்தடிக்கும் வேலையிலிருந்து முயற்சி தொடங்குமுன்பே மாற்றிக்கொள்வது நல்லது. மலேசியாவில் பராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் தடை, ஆனால் மற்ற களைக்கொல்லிகள் இருக்கின்றன. ‘குழந்தைக்கு முயற்சி செய்கிறோம்’ என்று ஆபீஸில் சொல்ல வேண்டியதில்லை. கிளினிக் மருத்துவர் ‘ரசாயனம் கையாளும் வேலை வேண்டாம்’ என்று ஒரு வரி எழுதித் தந்தால் வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் கொடுத்து வேறு வேலை கேட்கலாம்.

பெண் மருந்தடிக்காவிட்டாலும் கணவரின் சட்டையில் அது வீட்டுக்குள் வருகிறது. அவர் வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே சட்டையைக் கழற்றி, தனி வாளியில் போட்டு, அவரே முதல் தண்ணீரில் அலசட்டும். நீங்கள் துவைக்க நேர்ந்தால் ரப்பர் கையுறை போட்டு, வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல் துவையுங்கள். பிள்ளைகளின் சட்டையையும் அந்த வாளியில் ஊறவைக்காதீர்கள். மருந்து வந்த கேன், எவ்வளவு நன்றாகக் கழுவினாலும், தண்ணீர் பிடிக்க உதவாது.

செம்பனையின் கீழே உதிரிப் பழம் பொறுக்குபவர்களுக்கு இன்னொன்று. எலி மூத்திரம் கலந்த ஈர மண்ணால் எலிக்காய்ச்சல் வரும், அது கருவைக் கலைக்கக்கூடும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் மூடி, பூட்ஸும் கையுறையும் போட்டுப் போங்கள். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்து வந்தால், தோட்ட வேலை செய்வதைச் சொல்லிச் சோதிக்கச் சொல்லுங்கள்.

விடுப்பு பற்றி: மகப்பேறு விடுப்பான 98 நாள், 22 வாரத்துக்கு முன் கலைந்ததற்குக் கிடைக்காது. அதற்கு எம்சிதான். மருத்துவர் எழுதிய நாள்களை அப்படியே எடுங்கள்.

நாள் கணக்கு

குதிரைப் பந்தய நாள் போட்ட காலண்டர் சுவரில் தொங்குகிறதா? குளித்த முதல் நாளை அதில் பேனாவால் வட்டமிடுங்கள். அடுத்த முறை குளித்த முதல் நாளுக்கு முந்தைய நாள்வரை எண்ணினால் அதுதான் சுற்று. மூன்று சுற்று 27, 31, 29 நாள் என்று வைத்துக்கொள்வோம். குறைந்ததில் 18 கழித்தால் 9, கூடியதில் 11 கழித்தால் 20. அப்படியானால் சுற்றின் 9-ஆம் நாள் முதல் 20-ஆம் நாள் வரை வாய்ப்புள்ள காலம். அந்த நாள்களில் இரண்டு நாளுக்கு ஒரு முறை சேர்ந்தால் போதும். தினமும் வேண்டும் என்றில்லை. ஒரே ஒரு நாளைக் குறிவைத்து, அன்றைக்கு அவருக்கு மில்லில் இரவு ஷிப்ட் என்று சண்டை போடவும் வேண்டாம். விந்தணு உள்ளே 5 நாள் வரை உயிரோடு இருக்கும், முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்தான். முன்கூட்டியே சேர்வதுதான் பலன் தரும்.

அந்த நாள்களில் வெள்ளைப்படுதல், வேகாத முட்டையின் வெள்ளைக்கரு போல இழுபடும். விரலிரண்டுக்கு நடுவே நூல் போல நீண்டால் முட்டை வரப்போகிறது. காசில்லாத அடையாளம் இது. அந்தத் தேதிக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

முட்டை வெளிவரும் நாளைச் சொல்லும் எல்.எச். பட்டை வாங்குபவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். கலைந்த கர்ப்பத்தின் எச்.சி.ஜி. இன்னும் உடம்பில் இருந்தால் அந்தப் பட்டையிலும் இரண்டு கோடு வரும், தினமும் வரும். பட்டை கெட்டுப்போனது என்று நினைத்து இன்னொரு பெட்டி வாங்கி ஏமாறுகிறவர்கள் உண்டு. மேலே சொன்ன ஒற்றைக் கோடு வந்த பிறகுதான் இதற்குச் செலவழிக்க வேண்டும். பார்க்க மதியம் நல்ல நேரம். 2 மணி நேரத்துக்கு அதிகம் தண்ணீர் குடிக்காமல் இருந்து பாருங்கள். கோடு கருத்த பிறகு 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வரும்.

விடியற்காலையில் பால்வெட்டுக்கு எழுபவர்களுக்கு உடல் வெப்பக் கணக்கு ஒத்துவராது, விட்டுவிடுங்கள். இடுப்புக்குக் கீழே தலையணை வைப்பதும் தேவையில்லை. வழுக்கலுக்கு எச்சில் வேண்டாம், விந்தணு நகர்வைக் கெடுக்கும். ஆடி மாதம் பிரித்து வைக்கும் வழக்கம் சித்திரை வெயிலில் பிரசவம் வேண்டாம் என்று வந்தது. இங்கே வருடம் முழுக்க அதே வெயில்தான், ஒரு சுற்றை வீணாக்க வேண்டாம்.

35-க்குள் என்றால் ஒரு வருடம், 35 தாண்டியவர்கள் 6 மாதம் முயன்றும் தங்கவில்லை என்றால் இருவரும் மருத்துவரைப் பாருங்கள். கணவரின் விந்துச் சோதனைக்கு 2 முதல் 7 நாள் உறவில்லாமல் இருந்து, எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். சட்டைப்பையில் உடம்புச் சூட்டோடு கொண்டு போங்கள், ஐஸ்பெட்டியில் அல்ல.

வீட்டுப் பேச்சு

‘மோட்டாரில் ஏறினாயே, பப்பாளி தின்றாயே, தண்ணீர்த் தோம்பு தூக்கினாயே’ என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். 12 வாரத்துக்குள் கலைவதில் பாதிக்கும் மேல், கரு உருவான கணத்திலேயே குரோமோசோம் எண்ணிக்கை தவறியதால். மோட்டார் அதைச் செய்யாது. பழுத்த பப்பாளியும் செய்யாது. பால் வடியும் காயை மட்டும் தவிருங்கள். இதை மாமியாரிடம் மருமகள் சொன்னால் வாக்குவாதமாகும். கணவர் சொல்லட்டும், அல்லது மறுபரிசோதனைக்கு மாமியாரையும் கூட்டிப்போய் மருத்துவர் வாயால் கேட்கவிடுங்கள்.

தூக்கம், பசி, வேலை எதுவும் பிடிக்காமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் கிளினிக்கில் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555, பேசலாம். ஆண்களுக்கும் அதே எண்தான். பேசாமல் கடையில் உட்கார்ந்துவிடுகிறவர்கள் அவர்கள்.

மறுபடி இரண்டு கோடு வந்தால்

தேதி தவறிய நாளிலேயே பார்க்கலாம். வந்ததும் கிளினிக்கில் ‘போன தடவை கலைந்தது’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். கிளினிக் தரும் பிங்க் நிறக் கர்ப்பப் பதிவுப் புத்தகத்தில் முந்தைய கர்ப்பப் பத்தியில் அதை எழுதுகிறார்களா என்று பாருங்கள். நல்ல நாள் பார்த்துச் சொல்லலாம் என்று மூன்று மாதம் மறைக்கும் வழக்கம் சொந்தக்காரர்களிடம் இருக்கட்டும், கிளினிக்கிடம் வேண்டாம்.

ஸ்கேனுக்கு அவசரப்படாதீர்கள். ஐந்தாவது வாரத்தில் போனால் வெறும் பை மட்டும் தெரியும், துடிப்பு தெரியாது, அழுதுகொண்டே திரும்புவீர்கள். ஏழாவது வாரம் சரியான நேரம். தெளிவில்லை என்றால் 7 முதல் 14 நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். கரு 7 மில்லிமீட்டர் வளர்ந்தும் துடிப்பில்லை, அல்லது பை 25 மில்லிமீட்டர் ஆகியும் கரு இல்லை என்றால்தான் முடிவு சொல்வார்கள். அதற்குக் குறைவாக இருக்கும்போது யாராவது உடனே கழுவச் சொன்னால், இன்னொரு ஸ்கேன் கேட்பது உங்கள் உரிமை.

ஆனால் ஒரு பக்கம் மட்டும் வலி, தோள்பட்டை நுனியில் வலி, கண் இருண்டு மயக்கம், இவற்றுக்கு ஏழாவது வாரம்வரை காத்திருக்க வேண்டாம், குழாயில் தங்கியிருக்கலாம். அவசரப் பிரிவுக்கு உடனே போங்கள்.

முன்பு கலைந்தவர்களுக்கு இந்த முறை லேசாக ரத்தம் பட்டால் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மருந்து பயன்படக்கூடும். மருத்துவர் ஸ்கேன் பார்த்துத் தருவது அது. ‘கருவை நிறுத்தும் மாத்திரை’ என்று மருந்துக்கடையில் நீங்களாக வாங்க வேண்டாம். படுத்தே கிடப்பதால் கலையும் கரு நிற்காது, படுக்கை ஓய்வு பலன் தருவதாகத் தெரியவில்லை.

இரண்டு, மூன்று முறை கலைந்தவர்களுக்கு

இரண்டாவது முறையிலேயே பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். பெண்ணோயியல் நிபுணரைப் பார்க்க இந்தப் பக்கத்தவர்கள் பெரும்பாலும் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டியிருக்கும். ரத்தம் உறையும் கோளாறான ஆன்டிபாஸ்போலிபிட் இருக்கிறதா என்று 12 வார இடைவெளியில் இரு முறை சோதிப்பார்கள். இருந்தால் குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் உதவும். கர்ப்பப்பையின் வடிவம், தைராய்டு, சர்க்கரை, சில சமயம் இருவரின் குரோமோசோமும் பார்ப்பார்கள். பாதிப் பேருக்குக் காரணமே கிடைக்காது. அது கெட்ட செய்தி இல்லை, அவர்களில் பாதிக்கு மேல் அடுத்து பிள்ளை பெற்றுக்கொள்கிறார்கள்.

12 வாரத்துக்குப் பிறகு வலியே இல்லாமல் கர்ப்பப்பை வாய் திறந்து கரு போயிருந்தால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். கர்ப்பப்பை வாய் பலவீனமாக இருக்கலாம். அடுத்த முறை 12 முதல் 14 வாரத்தில் தையல் போடவோ, 16 வாரத்திலிருந்து வாயின் நீளத்தை அளக்கவோ முடியும். 25 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் கவனிப்பார்கள். ஐந்தாவது மாதத்தில் வந்து சொன்னால் தாமதமாகிவிடலாம்.

ஈப்போவுக்குப் போகும் பையில் இவை இருக்கட்டும்: ஒவ்வொரு முறையின் டிஸ்சார்ஜ் காகிதம், எச்.பி.இ. முடிவு, ஸ்கேன் படம், வட்டமிட்ட காலண்டர் பக்கங்கள், சாப்பிடும் மாத்திரை டப்பாக்கள், உங்கள் ரத்த வகை, கணவரின் ரத்த வகை. கடைசி ஒன்றைத்தான் அவசரத்தில் வீட்டில் மறந்துவிட்டு வருவார்கள்.